ஓய்வூதியக் கோப்பும் ஓர் அமானிதம்



சொத்துப் பங்கீடு, வஸிய்யத், மஹர் பாக்கி, ஹஜ் கடமை எனப் பலவற்றையும் குறித்து ஜும்ஆ மேடைகளில் கேட்டு வருகிறோம். ஆயினும், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் வாழும் முஸ்லிம் இல்லங்களில் ஒரு கோப்பு மட்டும் பீரோவின் அடித்தட்டில், பழைய பத்திரங்களுக்குக் கீழே பேசப்படாமலே கிடக்கிறது. அதுதான் ஓய்வூதியக் கோப்பு. அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டில் பெரும்பாலும் ஒருவரே. அந்த ஒருவர் மறையும் நாளில்தான் அக்கோப்பு மற்றவர்களுக்குத் தேவைப்படுகிறது.

இதனை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். எங்களில் ஒருவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் வரலாறு கற்பித்து, 2013ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 58 வயதில் ஓய்வு பெற்றவர். மற்றவர் அந்த 32 ஆண்டுகளும் மேலப்பாளையத்தில் குடும்பத்தை நடத்தியவர். மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். ஓய்வூதியம் ஒருவர் பெயரில் வந்தாலும் அதில் இருவர் உழைப்பும் இருக்கிறது என்பதை நாங்கள் நம்புகிறோம். ஆகவே, அதைப் பற்றிய அறிவும் இருவருக்கும் உரியது என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தது எங்கள் சாச்சியின் வாழ்வில் நேர்ந்த ஒரு துயரம்.

சாச்சாவும் ஆசிரியராக இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபஜ்ரு வேளையில் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார். சாச்சி இத்தாவில் அமர்ந்தார். வீட்டுச் செலவுக்காக மகன் வழக்கம்போல் வாப்பாவின் ஏடிஎம் அட்டையைக் கொண்டுபோய் மாதந்தோறும் பணம் எடுத்து வந்தார். மரணச் செய்தியைக் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஐந்து மாதங்கள் இவ்வாறு சென்றன. பின்னர்க் குடும்ப ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்தபோதுதான், மரணத்துக்குப் பின் எடுத்த தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும் எனத் தெரியவந்தது. சாச்சிக்கு வந்த குடும்ப ஓய்வூதியத்திலிருந்து அது தவணைகளாகப் பிடிக்கப்பட்டது.

பணம் குறைந்தது சாச்சியைப் பெரிதாக வருத்தவில்லை. “இத்தாவில் இருந்துகொண்டு ஐந்து மாதம் ஹக்கில்லாத காசையா சாப்பிட்டேன்?” என்று எங்களிடம் கேட்டார். அறியாமல் நேர்ந்ததை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஆறுதல் கூறினோம். ஆனால், அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் உரியது என்பதை இருவருமே உணர்ந்தோம். அன்றிரவு இஷாவுக்குப் பின் பீரோவைத் திறந்து எங்கள் கோப்பை எடுத்தோம். அந்த வாசிப்பிலும், அதன்பின் வந்த அனுபவங்களிலும் அறிந்தவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் தெளிய வேண்டியது, இந்தப் பணம் என்ன தன்மையது என்பது. “அரசாங்கம் கொடுக்கிறது, வாங்கிக்கொள்கிறோம்” என்று தருமம் பெறுவதைப்போல் பேசுவோர் நம்மிடையே உண்டு. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், டி.எஸ். நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தைக் களைந்தது. ஓய்வூதியம் அரசு தன் விருப்பத்துக்கேற்ப வழங்கும் நன்கொடை அன்று. முன்பு ஆற்றிய பணிக்கான உரிமை என்று அத்தீர்ப்பு நிறுவியது. அதனால்தான் டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாக இந்நாட்டில் அனுசரிக்கப்படுகிறது. நமக்கு இதில் இன்னொரு பொருளும் உண்டு. உரிமையாகக் கிடைப்பதை முறையாகப் பெறுவது எவ்வளவு ஹலாலோ, உரிமை முடிந்த நாளுக்குப் பின் வருவதைத் தொடாதிருப்பதும் அவ்வளவு கடமை. சாச்சியின் கேள்விக்கு அடிப்படை இதுவே.

இனி, கணக்கு. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதுவதுபோல் எளிய எண்களைக் கொண்டு எங்கள் வீட்டில் அதைப் பேசினோம். ஆசிரியர் ஒருவர் கடைசியாகப் பெற்ற ஊதியம் 30,000 ரூபாய் என்று கொள்வோம். 30 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம் நிறைந்திருந்தால் அதில் பாதி, 15,000 ரூபாய், முழு ஓய்வூதியம். அதில் மூன்றில் ஒரு பங்கான 5,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை முன்கூட்டியே பெறலாம். இதைத்தான் அலுவலகங்களில் கம்யூட்டேஷன் என்கிறார்கள். அப்படிப் பெற்றவருக்கு மாதம் 10,000 ரூபாய் வரும். ஆனால் அகவிலைப்படி 15,000 ரூபாய்க்கே கணக்கிடப்படும். விட்டுக்கொடுத்த 5,000 ரூபாய் 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேரும். எங்களுக்கு அது 2028இல் வர வேண்டும். அந்த ஆண்டைக் கோப்பின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். எங்களில் எவர் இருப்போமோ அறியோம். ஆனால் கேட்க வேண்டிய நாள் எது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வூதியர் மறைந்தபின் துணைக்குக் கிடைப்பது குடும்ப ஓய்வூதியம். கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பது அதன் பொது விகிதம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது 9,000 ரூபாய். ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே மரணம் நேர்ந்தால், தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் விகிதம் உண்டு. கணவர் கம்யூட்டேஷன் பெற்றிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் அதனால் குறையாது. ஊதியக்குழுத் திருத்தங்கள் வரும்போது இந்த அடிப்படைத் தொகையும் மாறும். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பழைய அடிப்படை ஓய்வூதியம் 2.57 மடங்காக உயர்த்தப்பட்டது.

இக்கணக்கை முதன்முறை கேட்டபோது, எங்களில் இல்லத்தை நடத்தியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் உங்களுக்குப் பின் வீட்டுச் செலவை எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்று இப்போதே பழகிக்கொள்வேன்” என்றார். இறப்பைப் பற்றிய பேச்சை வீட்டில் எடுப்பது அபசகுனம் என்று அஞ்சுவோர் உண்டு. மவ்த்தை அதிகம் நினைவுகூரும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

அடுத்தது பெயர். நம் வீடுகளில் இதன் சிக்கல் தனி. ஒரே பெண் பள்ளிச் சான்றிதழில் பாத்திமா, ஆதாரில் பாத்திமா பீவி, வாக்காளர் அட்டையில் பாத்திமாள், நிக்காஹ் தஃப்தரில் ஃபாத்திமா. கணவரின் பெயரோ ஓரிடத்தில் முகம்மது, ஓரிடத்தில் முஹம்மத், ஓரிடத்தில் வெறும் முதலெழுத்து. ஓய்வூதியக் கொடுப்பாணை, அதாவது எல்லாரும் பி.பி.ஓ. என்று அழைக்கும் அந்த ஆவணத்தில், துணையின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே அடிப்படை. அந்தப் பெயரும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், கணவர் மறைந்து துக்கத்தில் இருக்கும் பெண், தான் தானே என்று நிரூபிக்க அலைய நேரிடும். ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது. அவருடைய கையொப்பமே பெரிய சான்று. எங்கள் ஆவணங்களில் ஓரெழுத்து வேறுபாடு இருந்தது. அதைச் சரிசெய்ய நான்கு நடைகள் ஆயின. அந்த நான்கு நடைகளையும் இருவரும் சேர்ந்தே நடந்தோம்.

பெயரோடு பிறந்த தேதியும் உண்டு. 80 வயது நிறைந்த ஓய்வூதியருக்கு 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் கிடைக்கும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50 விழுக்காடு என அது உயர்ந்து, 100 வயதில் இரட்டிப்பாகும். குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களுக்கும் இது பொருந்தும். ஆனால் நம் மூத்த பெண்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. “பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தவள்” என்பதே பதிவு. பி.பி.ஓ.வில் அவர்களுடைய பிறந்த தேதி இல்லாதபோது, 80 வயது ஆனதை நிறுவுவது கடினமாகிறது. உங்கள் இல்லத்தில் உம்மாவோ பெத்தும்மாவோ குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார் எனில், இன்றே அந்த ஆவணத்தை எடுத்து, தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஆண்டுதோறும் நடைபெறும் நேர்காணல். ஓய்வூதியர் உயிருடன் உள்ளார் என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு இது. முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை கருவூலங்களில் கூட்டம் நெரியும். இப்போது தமிழக அரசின் ஓய்வூதியர்கள் தாம் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணலை முடிக்கலாம் என்று மாற்றப்பட்டுள்ளது. எங்களுக்கு அது மே மாதம். நேரில் செல்லலாம், ஜீவன் பிரமாண் வழியாக மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் தரலாம், நடக்க இயலாதவர்களுக்கு அஞ்சல்காரர் வீடு தேடி வந்து, 70 ரூபாய்க் கட்டணத்தில் அதைப் பதிவு செய்கிறார். முதியவர்களின் விரல் ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது உண்டு. 2021 முதல் முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் வசதியும் ஜீவன் பிரமாணில் இருக்கிறது. முகத்திரை அணியும் பெண்கள் வீட்டிலேயே, மஹ்ரமான ஒருவரின் கைப்பேசியில் இதை முடித்துக்கொள்ளலாம்.

நேர்காணலின் பெயரால் நடைபெறும் மோசடியையும் சொல்லியாக வேண்டும். “உங்கள் நேர்காணல் பதிவாகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும், வந்திருக்கும் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்” என்று தொலைபேசி வரும். பேசுபவருக்கு ஓய்வூதியரின் பெயரும் பணியாற்றிய துறையும் தெரிந்திருக்கும். நாங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். பணம் பற்றிப் பேசும் எந்த அழைப்புக்கும் “நாளை கருவூலத்துக்கு நேரில் வருகிறோம்” என்பது மட்டுமே பதில். உண்மையான அலுவலர் அதைக் கேட்டு வருந்தமாட்டார்.

நான்காவது, உடல்நலம். ஓய்வூதியருக்கும் அவருடைய துணைக்கும் தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. 2018இலும் 2022இலும் அது புதிய விதிகளோடு புதுப்பிக்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் வந்த திட்டத்தில் மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்பட்டது. திட்டக் காலமான நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில பெருநோய்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் சிகிச்சைச் செலவு ஏற்கப்படும் என்பது அதன் அமைப்பு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று பலர் தவறாக எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பிடித்தமும் மருத்துவமனைப் பட்டியலும் மாறும் என்பதால், புதிய ஆணை வந்ததும் அதை வாங்கிப் படிப்பது நல்லது. காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்ற ஐயம் எங்களுக்கும் இருந்தது. எங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டோம். நம் விருப்பத்தைக் கேளாமல் அரசே பிடித்துக்கொண்டு, பணிநலனாக வழங்கும் சிகிச்சையைப் பெறுவதில் தடையில்லை என்று விளக்கினார். உங்கள் ஐயத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது முறை.

2023இல் எங்களில் ஒருவருக்கு, ஆசிரியராக இல்லாதவருக்கே, நெஞ்சு வலி வந்தது. இதயக் குழாயில் அடைப்பு, உடனே ஸ்டெண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனைதான் அது. ஆயினும் வரவேற்பு மேசையில் இருந்தவர், “இந்தத் திட்டத்தில் பணம் வர நாளாகும், முன்பணம் கட்டுங்கள்” என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரை அருகில் வைத்துக்கொண்டு வாதாடும் மனநிலை எவருக்கும் இராது. எங்களுக்குத் துணை நின்றது அந்தக் கோப்பு. காப்பீட்டு அட்டை, பி.பி.ஓ. நகல், ஆதார் நகல் மூன்றும் ஒரே உறையில் இருந்தன. மகள் அவற்றைக் கொடுத்துவிட்டு, அட்டையில் உள்ள உதவி எண்ணை அழைத்து முன் அனுமதிக்குப் பதிவு செய்தார். சிகிச்சை தாமதமின்றித் தொடங்கியது. இரவுக்குள் அனுமதி வந்தது. அனுமதித்த தொகைக்கு மேல் மருத்துவமனை கேட்ட தொகையைச் செலுத்தி, அதற்கு முறையான ரசீது வாங்கினோம். ரசீது தரத் தயங்கினார்கள். கிடைக்கும்வரை மகள் அந்த மேசையை விட்டு நகரவில்லை. பின்னர் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் குழுவுக்கு விண்ணப்பித்தோம். பல மாதங்கள் கழித்து ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளை எழுதி அட்டையோடு இணைத்திருக்கிறோம். மருத்துவமனை பட்டியலில் உள்ளதா? இந்த நோய்க்கான சிகிச்சைக்கு அம்மருத்துவமனை ஏற்கப்பட்டுள்ளதா? முன் அனுமதி எண் கிடைத்துவிட்டதா? முதல் கேள்வியோடு நின்றுவிடுவோர்தாம் பின்னர் அதிகம் இடர்ப்படுகிறார்கள். கண் சிகிச்சைக்கு ஏற்கப்பட்ட இடம் இதய நோய்க்கும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கம், கட்டணச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றின் அசலைக் கேட்டு வாங்குங்கள். அவசர நேரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் மனம் தளர வேண்டாம். பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது. ஆவணம் இருந்தால் கேட்க வழி உண்டு.

மருத்துவமனையில் தங்காமல் மாதந்தோறும் உண்ணும் மாத்திரைகள் இத்திட்டத்தில் சேரா. அதற்கென வரும் மருத்துவப்படி 300 ரூபாய், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு வாரம்கூடப் போதாது. இருவரின் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று, அவற்றின் மூலப்பெயர்களை எழுதி வாங்கினோம். மக்கள் மருந்தகத்தில் அவற்றை வாங்கத் தொடங்கியபின் மாதச் செலவு வெகுவாகக் குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவ்விரு நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. “நாம் பென்ஷன் வாங்குபவர்கள், இலவச மாத்திரை வாங்கலாமா?” என்று கூச்சப்படுவோர் உண்டு. அது எல்லாருக்குமான அரசு மருத்துவம். மிச்சப்படும் பணத்தில் ஸதகா செய்யலாமே.

ஐந்தாவதாக, மரணத்துக்குப் பின் என்ன என்பது. ஓய்வூதியர் இறந்த நாள் வரையிலான ஓய்வூதியம் அவருடைய உரிமை. அதற்கு மறுநாள் தொடங்குவது குடும்ப ஓய்வூதியம். இவ்விரண்டையும் மார்க்கத்தின் கண்ணோடு பிரித்துப் பார்க்க வேண்டும். இறந்த நாள் வரை சேர்ந்து பெறப்படாமல் நிற்கும் தொகை மய்யித்தின் சொத்து. கஃபன் தஃபன் செலவு, கடன், மஹர் பாக்கி, வஸிய்யத் ஆகியவை போக மீதி, அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்த பங்குப்படி வாரிசுகளுக்குச் செல்லும். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று. வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பவர் தொகையைப் பெற்றுக்கொள்பவரே. அதனால் முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிடாது.

குடும்ப ஓய்வூதியம் அப்படியன்று. அது இறந்தவரின் சொத்தில் அடங்காது, அதை உயிலில் எழுத இயலாது என்று 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதி யாருக்கு அளிக்கிறதோ அவருக்கே அது உரியது. ஆகவே, “உம்மாவுக்கு வரும் பென்ஷனில் எங்களுக்கும் பங்கு” என்று பிள்ளைகள் கேட்பதற்கு இடமில்லை. சில வீடுகளில் அந்த அட்டை மகனிடமும் உம்மா வெற்றுக் கையோடும் இருப்பதைக் காண்கிறோம். அதை அந்தப் பெண்ணின் கையில் சேர்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

இத்தாவைப் பற்றிய அச்சம் பெரிது. நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டிய பெண், அலுவலகங்களுக்கு எப்படிச் செல்வார்? விண்ணப்பம் சிறிது தாமதமானாலும் குடும்ப ஓய்வூதியம் மரணத்தின் மறுநாளிலிருந்தே கணக்கிடப்பட்டு நிலுவையோடு வரும். ஆகவே அந்தக் காலத்தில் பதறி ஓடத் தேவையில்லை. பிள்ளைகள் உடனே செய்ய வேண்டியவை இரண்டு. மரணத்தைக் கருவூலத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். அந்த வங்கிக் கணக்கில் கை வைக்காதிருக்க வேண்டும். பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தால், இறப்புச் சான்றிதழோடு கருவூலத்திலேயே பணி முடியும். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதித் திட்டத்தில் சேர்ந்திருந்தவர் எனில், துணைக்கு அதிலிருந்து 50,000 ரூபாய் உண்டு. அதற்கும் விண்ணப்பம் தர வேண்டும். குடும்ப ஓய்வூதியராக ஆனபின்னும் மருத்துவக் காப்பீடு தொடரும்.

அந்த இடைக்காலச் செலவுக்கு நாங்கள் ஒரு வழி செய்திருக்கிறோம். ஐந்து மாதச் செலவுக்குப் போதுமான தொகையை, மனைவியின் தனிப் பெயரில் உள்ள கணக்கில், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து ஒப்படைத்தாயிற்று. பிள்ளைகளை அழைத்து, அது அவருடையது என்பதையும் தெரிவித்துவிட்டோம். இனி அதில் வாரிசுப் பேச்சு எழாது. சாச்சியின் மகனைப்போல் ஏடிஎம் அட்டையைத் தேட வேண்டிய நெருக்கடியும், இன்ஷா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்கு வராது.

இளைய ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னும் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். ஊதியத்தில் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டு, அரசும் அதே அளவு சேர்க்கும் அமைப்பு அது. நாங்கள் மேலே எழுதிய கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆண்டுதோறும் வரும் கணக்குச் சீட்டைப் பாதுகாப்பதும், அரசு அறிவிக்கும் மாற்றங்களைக் கவனித்து வருவதும், அதைத் துணையிடம் காட்டுவதும் இன்றே தொடங்க வேண்டிய பழக்கம். ஓய்வு பெறும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்க இயலாது.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்டது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் அது விரிவாகக் கற்பிக்கிறது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்பது அதன் போதனை. எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் இப்போது கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. பி.பி.ஓ. எண், கருவூலத்தின் பெயர், வங்கிக் கணக்கு, நேர்காணல் மாதம், காப்பீட்டு அட்டை இருக்கும் இடம், 2028, யாருக்கு எவ்வளவு கடன், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எங்களில் ஒருவர் மறைந்தால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை. அதன் நகல் மகனிடமும் மகளிடமும் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வரும்போது, அஸருக்குப் பின் அரை மணி நேரம் அமர்ந்து அத்தாளைச் சரிபார்க்கிறோம். பேரப்பிள்ளைகள் சுற்றி ஓடும் சத்தத்தில்தான் அது நடக்கிறது. அதில் சோகம் எதுவும் இல்லை.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் வாப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தியவராக இருக்கலாம். இந்த ஒரு பாடத்தை உங்களுக்கு நடத்தச் சொல்லிக் கேளுங்கள். உம்மாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். எங்களுக்கும் உங்களுக்கும் ஹலாலான ரிஸ்கையும், நலமான முதுமையையும், எவருடைய ஹக்கும் தலையில் நில்லாத நல்ல முடிவையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.